பிழையில்லாத நோட்டு

சட்டைக் கம்பெனியில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து வரும் சட்டைகளைக் கடைசியாகப் பார்த்து அனுப்புகிற மேசை அவருடையது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் போதும், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிவிடுவார். பதினாறு வருஷத்தில் அவர் அனுப்பிய சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை யாரும் கேட்காமலே சொல்வார் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே தொல்லை.

வீட்டிலும் அதே கண்தான். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் கணக்கு வரவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டார். முதலில் பென்சிலில் போட வேண்டும். அப்பா பார்ப்பார். திட்டமாட்டார், வாயே திறக்கமாட்டார். தப்பான வரியில் அவர் விரல் நிற்கும், அவள் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். அவர் தலையாட்டிய பிறகுதான் பேனாவைத் தொடலாம்.

"அவளே போட்டுத் தப்பாப் போனா என்ன குடியா முழுகிடும்?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள்.

"தப்போட வெளிய அனுப்பினா எனக்குச் சோறு இறங்காதும்மா" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

டீச்சர் கூப்பிட்டனுப்பியபோது பாராட்டத்தான் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் போனார். மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் அவளுடைய வீட்டுப்பாட நோட்டும் பரீட்சைத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தாளில் பெயரைத் தவிர ஒன்றுமில்லை.

"வீட்டுல இவ்வளவு நல்லாப் போடுறவ, இங்க வெறும் தாளைக் குடுக்கிறா. திமிருன்னு நினைச்சு ரெண்டு தடவை வெளிய நிக்க வெச்சேன் சார். அடுத்த வருஷமும் இதே வகுப்புலதான் உட்காரணும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னால உங்களைக் கேக்கலாம்னுதான்."

தொழில் பழக்கத்தில் அவர் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பென்சிலில் எழுதி அழித்த தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. பத்துக் கணக்கும் போட்டிருக்கிறாள். அதில் ஆறு சரி. அப்பா தலையாட்டாத விடை அவளுக்கு விடையே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

முகத்தில் ஈயாடவில்லை. பென்சில், விரல், தலையாட்டல் எல்லாவற்றையும் டீச்சரிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னார். சொல்லச் சொல்ல உடம்பு கூசியது. அவர் செய்த தப்புக்குப் பிள்ளை இரண்டு தடவை வெளியே நின்றிருக்கிறாள், வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டீச்சர் ஒரு தாளில் வகுத்தல் கணக்கு ஒன்றை எழுதி மகளிடம் நீட்டினார். "நீங்க எதுவும் சொல்லாதீங்க சார்."

அவள் குனிந்து போட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மீதியில்லாமல், சரியாக வந்துவிட்டது. சந்தோஷத்தில் அவர் தலை தானாக ஆடப் பார்த்தது. ஆனால் சொல்லக் கூடாது என்றிருக்கிறார்களே. கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் எதுவும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ரப்பரை எடுத்து விடையைச் சுத்தமாக அழித்து, துகளை ஊதிவிட்டுக் கேட்டாள்:

"வேற மாதிரி போடவாப்பா?"