குழாயடி வரிசை

காலை மணி ஏழு பத்து. இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு படிக்கும் என் பேத்தியின் புத்தகத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒலிபெருக்கி வண்டியின் படம். கீழே கேள்வி: 'தகவல் சாதனங்கள் சமூகத்தை எவ்வாறு மாற்றுகின்றன?'

வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில், அசாம் ஜாவா ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அப்படியொரு வண்டி வந்தது. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று கம்பிவேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகத் தடை. பால் வெட்டப் போன அப்பா, தன் பசிக்கென்று ஒரு சோற்றுப் பொட்டலம் மறைத்து எடுத்துப்போய்ப் பிடிபட்டிருந்தார். வண்டி அவர் பெயரைச் சொல்லி, 'கம்யூனிஸ்டுக்குச் சோறு போட்டவன்' என்றது.

அம்மா பக்கத்து வீட்டு முனியாண்டியிடம் ஓடினார். "ரெண்டு பேரும் ஒரே மர நெரையிலதானே பால் வெட்டுறீங்க! அது அவரு பசிக்குன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும் தங்கச்சி. ஆனா வண்டி வச்சு சொல்றாங்களே. பொய்யா சொல்லுவாங்க?"

மறுநாள் குழாயடியில் எங்கள் வாளிக்குப் பின்னால் யாரும் வாளி வைக்கவில்லை.