மாலா கேட்டதை நான் சொல்லவில்லை

நான் பொய் சொன்னேன். வாய் தவறி அல்ல, சொல் கிடைக்காமலும் அல்ல. இரண்டு மொழிகளும் நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன்.

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் நடைபாதையில், பூக்கடைகளுக்கு நடுவே, கிதார் வாசித்துப் பாடும் இரண்டு ஜப்பானியர்கள். ரயில் நிலைய வாசலில் பாடத் தொடங்கி, இன்று பெரிய அரங்குகளை நிரப்பும் இரட்டையர். "எவ்வளவு எளிமை!" என்று உருகியிருப்பீர்கள். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

அந்த இடம் மாலாவுடையது. மாலையில் அவளும் அவள் அண்ணன் பிஷுவும் அங்கேதான் பாடுவார்கள். அதே தெருவில் வளர்ந்த எனக்கு அது தெரியாதா? படப்பிடிப்புக்காக அன்று அவர்களைக் கயிற்றுக்கு அப்பால் தள்ளியிருந்தார்கள்.

இரட்டையரில் மூத்தவரான ஹிரோஷி, கிதாரை வெளியே எடுக்குமுன் என்னிடம் கேட்டார்.

"இங்கே வழக்கமாக யாராவது பாடுவார்களா? இன்னொருவர் இடத்தில் நாங்கள் நிற்பதில்லை."

"யாரும் இல்லை" என்றேன்.

படப்பிடிப்பு ஏற்பாட்டாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அவர் டோக்கியோவுக்கு அழைத்துச் செல்லும் குழுவில் என் பெயர் இருந்தது... அவ்வளவுதான் காரணம். எவ்வளவு அற்பமானவள் நான்!

பாட்டு முடிந்ததும் மாலா கயிற்றருகே வந்து, அக்கா என்று வங்காள மொழியில் அழைத்து, என்னிடம் கேட்டாள்.

"தீதி, நாங்களும் அவங்களோட சேர்ந்து ஒரு பாட்டு பாடலாமான்னு கேளுங்களேன்."

ஹிரோஷி திரும்பினார். "அவர் என்ன சொல்கிறார்?"

"உங்கள் ரசிகை. கையெழுத்து வேண்டுமாம்."

முகம் மலரப் பேனாவுடன் வந்தார். சேர்ந்து வாசிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து மாலா தன் கிதாரை நீட்டினாள். அவர் அதன் முகப்பில் பெரிதாகக் கையெழுத்திட்டு, குனிந்து வணங்கித் திருப்பிக் கொடுத்தார். அவள் அந்தப் புரியாத எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நீங்கள் நெகிழ்ந்துபோய்ப் பகிர்ந்துகொண்டது அந்தக் காட்சியைத்தான்.

இப்போது அங்கே காவலர்கள் யாரையும் பாட விடுவதில்லை. காணொளி பரவியதிலிருந்து கூட்டம் சேர்கிறதாம். போன வாரம் ஜாதவ்பூர் பேருந்து நிறுத்தத்தில் மாலாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகத்தான் நினைத்தேன். அவளே வந்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டதை அவங்ககிட்ட சொன்னீங்களா, தீதி?"

"சொன்னேன். அவங்களுக்கு நேரம் இல்ல."

"போகட்டும், பெரிய ஆளுங்க. ஆயிரம் வேலை இருக்கும்" என்றாள்.

மன்னித்துவிட்டாள்... எந்தத் தவறும் செய்யாத அந்த இருவரை!

என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. அறைந்துகொண்டேனா? பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

இரட்டையர் மறுபடி கொல்கத்தா வருகிறார்கள். மொழிபெயர்க்க நானே வேண்டும் என்று ஹிரோஷி கேட்டிருக்கிறார்.

சரி என்று சொல்லிவிட்டேன்.