கை சும்மா இருக்காத மனுஷன்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது கஷ்டப்படுவதைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். எங்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே அந்த வேலைதான். அவர் விசா ஒரே ஒரு கம்பெனிக்கானது. வேறு எங்கும் அவர் வேலை செய்யக்கூடாது. அந்த விசாவை ஒட்டிக்கொண்டுதான் நானும் மகளும் இங்கே இருக்கிறோம். அது போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்தும், வேலை முடிந்து வருகிற வழியில் யார் வீட்டுக் குழாயையாவது சரிபண்ணிவிட்டுத்தான் வருவார். எங்கள் வீட்டுக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

வினை வந்தது எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்து சலூனில். சலூன்காரர் மனைவிக்குப் பிரசவ வலி. "அண்ணே, கடையைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பார்த்துக்கொள்ளச் சொன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே? இவர் துடைப்பத்தை எடுத்து, கீழே கிடந்த முடியைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சோதனைக்கு வந்தார்கள் குடியேற்றத் துறை அதிகாரிகள்.

"நீங்க இங்க என்னவா இருக்கீங்க?"

"இன்னைக்கு எல்லாமே நான்தாங்க!" என்று இவர் சிரித்திருக்கிறார். அவர்கள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள். மாடிக்கு வந்து அதையும் ஒரு ஜோக்காகத்தான் எனக்குச் சொன்னார். அனுமதி இல்லாத இடத்தில் வேலை செய்ததற்காக விசாவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்தபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது.

வக்கீலம்மாவிடம் ஓடினோம்.

"நான் காசே வாங்கலீங்களே" என்றார் இவர்.

"அந்த இடத்தைக் கூட்ட சலூன்காரர் ஒரு ஆள் வெச்சா சம்பளம் குடுக்கணுமில்ல? அப்ப அது வேலைதான். சும்மா செஞ்சேன்னு சொன்னா மட்டும் தப்பிக்க முடியாது."

"ஆபத்துக்கு உதவுறது கூடவா?"

"அதைத்தான் நாம வாதாடப் போறோம். அவசரம், கூலி இல்ல, ஒரே ஒரு தடவை. இந்த மூணும் நிக்கணும். விசாரணையில பொய் சொல்லக்கூடாது. கேக்காததை எடுத்துக் குடுக்கவும் கூடாது. முடிவு வர்ற வரைக்கும் கம்பெனிக்கு வெளிய ஒரு ஆணியைக்கூடத் தொடாதீங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணை அறையில் சலூன்காரர் வந்து உள்ளதைச் சொன்னார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கடைசியில் அதிகாரி, "இப்படி நடந்தது இந்த ஒரு தடவைதானா?" என்றார்.

"சலூன்ல இந்த ஒரு தடவைதாங்க" என்றார் இவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மத்தபடி எதிர்வீட்டுக் கதவு, மேல்மாடி நர்சம்மா வீட்டு வாஷிங் மெஷின்..." நன்னடத்தைச் சான்றிதழ் வாசிப்பது மாதிரி முகமெல்லாம் மலர்ந்து சொல்லிக்கொண்டே போனார். அதிகாரி ஒவ்வொன்றையும் எழுதினார். வக்கீலம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கத்தினேன். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?"

"கேட்டாங்களே. பொய் சொல்லக்கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

முடிவு தபாலில் வரும் என்றார்கள். அதுவரை நான் அவருக்குக் காவல்காரியானேன். யார் கதவைத் தட்டினாலும் அவர் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் உள்ளே தொடைக்கு அடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கேட்ட மாதிரியே கை சும்மா இருக்கிற புருஷன் கிடைத்துவிட்டார். ஆனால் அவரை அப்படிப் பார்க்கத்தான் முடியவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கட்டிடத்து லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மேல்மாடி நர்சம்மா. அது வேறு கம்பெனி பார்க்கிற லிஃப்ட். சத்தம் கேட்டு இவர் ஓடினார், பின்னாலேயே நானும் ஓடினேன். லிஃப்ட் கம்பெனிக்கு போன் செய்தேன். ஆள் கிளம்பிவிட்டார், போக்குவரத்து நெரிசல் என்றார்கள்.

"யாராவது இருக்கீங்களா? மூச்சு முட்டுதுங்க!" உள்ளேயிருந்து கதவைப் படபடவென்று தட்டினார் நர்சம்மா.

இவர் கை கதவுவரை போய்த் திரும்பி வந்தது. "ஒரு சாவி போட்டாத் தொறந்துடும்" என்று முணுமுணுத்தார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், நான்தான் பிடித்தேன். மகளின் பள்ளிக்கூடம், வாடகை வீடு, வராத அந்தத் தபால், எல்லாம் என் கையில் இருந்தன.

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தப்பு செய்யப்போகிற பிள்ளை அனுமதி கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"ரொம்பப் பயப்படுறாங்கம்மா. நான் எதையும் தொடலை. வெளிய நின்னு பேச்சாவது குடுக்கட்டுமா? அதுவும் வேலைல சேந்துடுமா?"

வெட்கத்தில் என் முகம் எரிந்தது. அவர் கையைப் பிடித்திருந்த என் கையை எடுத்துவிட்டேன்.