நல்லா இருக்கேம்மா

பள்ளி வேன் டிரைவருக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிவிட்டது. குறை சொல்வது கடவுளுக்குச் செய்யும் நன்றிகெட்டதனம் என்றே வளர்ந்த மனிதர். தூக்கத்துக்காக அவர் பார்க்கப் போகும் மனநல ஆலோசகர் அம்மா வாராவாரம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். இவரும் வாய்ப்பழக்கத்தில், "கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். நல்லா இருக்கிறவருக்கு இங்கே என்ன வேலை என்று அந்த அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

இன்றைக்கு மட்டும், "இங்க பேசுறது வெளிய போகாது. கடவுள்கிட்டகூட கோள் சொல்ல மாட்டேன்" என்றார்.

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"கடவுளுக்குத் தெரியும்மா. புள்ளைங்கள எறக்கிவிட்டுட்டு, காலி வண்டியில உக்காந்து நான் அழறத தெனம் பாத்துட்டுத்தான இருக்கார். என் பொண்டாட்டிக்குத்தான் தெரியாது."