என்னுதா, உன்னுதா?

உலகத்தில் இதுவரை கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவர்கள் அத்தனை பேருடைய கையுறைகளையும் கழற்றி ஒன்றாகத் தைத்தாலும், அது என் மாமாவின் சுண்டுவிரலுக்குப் பத்தாது. அவர் முறைத்தால் பந்து பாதி வழியிலேயே காற்றிறங்கிப் படுத்துவிடும். எதிரணிக்காரர்கள் அவர் பக்கம் பந்தை அடிப்பதற்கு முன்னால் வீட்டுக்குப் போன் போட்டு, "எனக்காகக் காத்திருக்காதீங்க, சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்கள். ஒருமுறை மழைகூட அவர் காக்கும் பக்கம் வரப் பயந்து பாதி மைதானத்தோடு நின்றுவிட்டது.

தெரு முழுக்க நான் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அணியில் அவருக்கு இருக்கிற பட்டப்பெயர் என்னவோ 'கதவு'.

"என்ன கதவு, இன்னிக்காவது சாத்தியிருப்பியா, இல்ல எல்லாரும் உள்ள வரலாமா?" என்பார்கள். மாமா சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்தால் யாரோ நாற்காலியை நகர்த்தியதால் இவர் ஒதுங்கி நின்றது போல இருக்கும்.

அம்மாவின் தம்பி அவர். நாங்கள் கீழ் வீட்டில் இருக்கிறோம், அவர் மொட்டை மாடியில் இருக்கும் ஒற்றை அறையில் இருக்கிறார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு எவர்சில்வர் டம்ளர். எல்லாமே ஒன்று ஒன்றுதான். யாராவது வந்தால் அவர் கட்டிலில் உட்காருவார், வந்தவர் நாற்காலியில் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு ஆள் வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இரண்டாவது ஆளே வந்ததில்லை. கல்யாணத்தைப் பற்றி யார் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இப்போது விட்டுவிட்டாள்.

வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ஈரப் போர்வையை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் காகிதம் மாதிரி தேய்த்துத் தள்ளும் பெரிய உருளை இயந்திரம் ஒன்று அங்கே இருக்கிறது. இந்தப் பக்கம் நின்று விடுபவர் மாமா. அந்தப் பக்கம் நின்று வாங்கி மடிப்பவருக்குப் பெயரே 'மடிப்பு'. இருவரும் வருஷக்கணக்கில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஆனால் நடுவில் அந்த உருளை போடுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. கையை ஆட்டினால் நிறுத்து, தலையை ஆட்டினால் டீ. அவர்கள் பேச்சு அவ்வளவுதான்.

சலவைக்கூடத்துக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. துணி ஏற்றும் வண்டியை ஓட்டுபவர்தான் கேப்டன். முன்னால் ஓட மூச்சு இல்லாதவரைக் கடைசியில் நிற்க வைப்பது வழக்கம் என்பதால் மாமா கோல் கீப்பர் ஆனார். மடிப்பு அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர். அணி எடுத்துக்கொண்ட ஒரு போட்டோ மாமாவின் அறையில் மாட்டியிருக்கிறது. அதில் எல்லாரும் முழுசாக இருக்கிறார்கள், மாமாவுக்கு மட்டும் ஒரு தோள் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஆனாலும் அவர் தூசி தட்டும் ஒரே பொருள் அதுதான். நான் பார்த்தவரைக்கும் எங்களைத் தவிர அவரை "வாப்பா" என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்தது அந்தப் பத்துப் பேர்தான்.

இன்னொன்று ரேடியோ. பழைய சிற்றலைப் பெட்டி. திருப்புகிற குமிழ் உடைந்துபோய், அந்த இடத்தில் பற்பசை மூடியை ஒட்டி வைத்திருக்கிறார். ஜன்னலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஒரு கம்பி போகும். வருஷத்தில் இந்தப் பருவத்தில், இருட்டுகிற நேரத்தில் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து ஒரு நிலையம் அதில் கேட்கும். ஒரு பெண் பேசுவார். செய்தியா, கதையா, மாட்டுத் தீவன விளம்பரமா, யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரம் பேசிவிட்டு இரைச்சலுக்குள் போய்விடுவார். சில வாரங்கள் கழிந்தால் அதுவும் கேட்காது, அப்புறம் அடுத்த வருஷம்தான்.

"மாமா, என்ன பாஷைன்னு போன்ல போட்டுப் பாத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம்டா."

"ஏன்?"

"தெரிஞ்சுட்டா அப்புறம் புரிஞ்சுக்கணும்னு தோணும்."

இந்த வருஷம் லீகில் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். எப்படி வந்தார்கள் என்று அவர்களுக்கே ஆச்சரியம். அந்த ஆட்டத்தில்தான் அது நடந்தது. பந்து உயரமாக எழும்பி கோலுக்கு முன்னால் வந்து இறங்கியது. மாமா வெளியே ஓடி வந்தார், "என்னுது!" என்று கத்தினார். நான் கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன், என் காதால் கேட்டேன். மடிப்பின் காதில் அது "உன்னுது!" என்று விழுந்துவிட்டது. நம்மை நம்பிக் கொடுத்துவிட்டாரே என்று மடிப்பு ஒரே தாவாகத் தாவித் தலையால் முட்டினார். வாழ்க்கையில் அவர் முட்டிய ஒரே அழகான பந்து அதுதான். மாமாவின் தலைக்கு மேலே போய்ச் சொந்த வலைக்குள் விழுந்தது.

ஆட்டத்தில் எப்படியோ ஜெயித்துவிட்டார்கள். தோற்றிருந்தால்கூடத் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். ஜெயித்ததால் சிரிக்க ஆரம்பித்தார்கள். மறுநாளிலிருந்து சலவைக்கூடத்தில் யார் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும், "கதவு, இது என்னுதா, உன்னுதா?" டீ கொண்டுவந்தால், "என்னுதா, உன்னுதா?" கழிப்பறைக் கதவைத் தட்டிக்கூட அதையே கேட்டார்கள். மாமா "என்னுதுன்னுதான் கத்தினேன்" என்று ஒருமுறை சொன்னாராம். "அப்படியா? அப்ப எங்க பத்து பேருக்கும் காது செவிடு" என்றாராம் கேப்டன்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அந்தச் சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். நானும் போய் வேடிக்கை பார்த்தேன்.

"'விடு'ன்னு கத்தட்டும்ப்பா."

"'விடு'ன்னா ஒரு விடு விடுன்னும் இருக்கே. மடிப்பு ஓங்கி எட்டி உதைச்சுடுவான்."

"'வேணாம்'?"

"எனக்கு வேணாம்னு சொல்றானா, உனக்கு வேணாம்னு சொல்றானா?"

"பேசாம 'நான்'னு கத்தச் சொல்லு. நான்னா நான்தான். நீன்னு கேக்காது."

எல்லாரும் கைதட்டினார்கள். அதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மாமா 'நான்' என்ற சொல்லை உபயோகித்து யாரும் கேட்டதில்லை. "போறேன்" என்பார், "சாப்பிட்டாச்சு" என்பார், "வேணாம்" என்பார். வாக்கியத்தில் அவர் இருப்பது வினைச்சொல்லின் வாலில் மட்டும்தான். நான் எல்லாம் நாலு வாக்கியம் பேசினால் அதில் ஏழு 'நான்' இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வரை தினமும் வேலை முடிந்து இருட்டுகிற வரைக்கும் பயிற்சி என்றார் கேப்டன். அதே நேரம்தான் அந்தப் பெண் பேசுகிற நேரம்.

முதல் நாள் மாமா போனார். பந்தைத் தூக்கிப் போட்டு, "கத்துப்பா" என்றார்கள். வாயைத் திறந்தார், இருமல் மாதிரி ஏதோ வந்தது. "என்ன கதவு, எண்ணெய் போடணுமா?" என்றார் ஒருவர். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. மடிப்பு மட்டும் சிரிக்காமல் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மாமா போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, பற்பசை மூடியை முடி அளவுக்குத் திருப்பித் திருப்பி, காதைப் பெட்டியோடு வைத்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது கேப்டன் மூச்சு வாங்கிக்கொண்டே படியேறி வந்து அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, இதுக்காகவா வரல?"

மாமா சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை.

"அந்தம்மா என்ன பேசுது?"

"தெரியாதுண்ணே."

"ஒரு வார்த்தை?"

"ஒண்ணும் தெரியாது."

"புரியாததை உக்காந்து கேக்கறதுக்குப் பத்து பேரை விட்டுடுவியா?"

மாமா பற்பசை மூடியின் மேல் விரலை வைத்தார். "இவங்க பேசுறதுல எதுவும் நம்மளைப் பத்தி இல்லண்ணே. அது நிச்சயமாத் தெரியும். அதனால கேக்க முடியுது."

 கேப்டன் கெட்டவர் இல்லை. போட்டோவைப் பார்த்தார், கீழே பார்த்தார், எழுந்தார். "வேற ஆள் யாரும் இல்லப்பா. ஞாயித்துக்கிழமை நீ வரலைன்னா பொட்டி தூக்குற பையனைத்தான் நிறுத்தணும். நிறுத்திட்டா அப்புறம் அவன்தான் கீப்பர். உன்னைத் திரும்பக் கூப்பிட முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவர் இறங்கிப் போன பிறகு மாமா என்னைப் பார்த்து, "தூக்கை வெச்சுட்டுப் போடா" என்றார். ரேடியோவில் இரைச்சல்தான் இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண் பேசி முடித்துவிட்டிருந்தார்.

மறுநாள் தூக்கோடு படியேறும்போது மேலே சத்தம் கேட்டது. "நான்." கொஞ்சம் இடைவெளி. "நான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்." கதவு சாத்தியிருந்தது. ஒரு அறைக்குள் ஒரு ஆள் யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது. சாதாரணமாக இருந்தால் வெளியிலிருந்து "யாரு?" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடியிருப்பேன். அன்றைக்கு என்னவோ தோன்றவில்லை. அவர் முடிக்கும் வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு ஆறிப்போனதற்கு அம்மாவின் மேல் பழியைப் போட்டேன்.

சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குச் சாயங்காலம் இங்க வந்து உக்காரு. முள் இந்தக் கோட்டுல நிக்கணும். நழுவும். நழுவினா மெல்லத் திருப்பு, ஆட்டிடாத. வந்தா உன் போன்ல பதிவு பண்ணிடு."

"அப்ப நீங்க ஆடப் போறீங்களா?"

"போகணுமே" என்றார். கையுறையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "இந்த வருஷத்துக்கு நாளையோட அனேகமா முடிஞ்சுடும்டா. ரெண்டு நாளா அந்தம்மா குரல் தேய்ஞ்சுட்டே வருது."

ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். அந்த அறையில் தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கட்டிலில் அவர் உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் இருந்தது. ஜன்னல் வழியாகத் தொட்டி, கம்பி, அதற்கப்பால் எதிர்க் கட்டிடத்தின் வெறும் சுவர். இதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முள்ளைக் கோட்டில் வைத்தேன். இரைச்சல். மெல்லத் திருப்பினேன். இரைச்சல். மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். அங்கிருந்து மாமா "நான்!" என்று கத்தியது என் காதில் வந்து விழுந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். விழுந்தது தண்ணீர் லாரியின் ஹாரன்தான்.

வெளிச்சம் போய்விட்டது. அந்தப் பெண் வரவில்லை. முடிந்தது போல.

அதன் பிறகு நான் செய்ததை மிமிக்ரி என்று சொல்வார்கள். ரேடியோ இரைச்சலை அப்படியே விட்டுவிட்டு, எவர்சில்வர் டம்ளருக்குள் வாயை வைத்து, குரலை மெல்லிசாக்கிப் பேசினேன். பாஷைக்கு எங்கே போவது? போர்வை, தலையணை, துண்டு என்று சலவைக்கூடத்துச் சாமான்களின் பெயரையெல்லாம் பின்னாலிருந்து சொன்னேன். "வைர்போ... ணையலைத... டுண்து..." நடுநடுவே அந்தப் பெண் மூச்சு விடுகிற மாதிரி நிறுத்தினேன். எனக்கே அது நல்ல செய்தி போலத்தான் பட்டது. திருப்பிக் கேட்டுப் பார்ப்பதற்குள் படியில் காலடி கேட்டது.

முழங்காலெல்லாம் மண். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள், இவர் நேரே வந்துவிட்டார்.

"தோத்துட்டோம்" என்றார்.

"கத்தினீங்களா மாமா?"

"ம்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. மடிப்பு ஒதுங்கிட்டான். பந்தைப் புடிச்சாச்சு."

"அப்புறம் எப்படித் தோத்தீங்க?"

"அது வேற பந்து." கையுறையைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். ரேடியோவைப் பார்த்துக் கேட்டார். "வந்துச்சாடா?"

"வந்துச்சு மாமா. சூப்பரா வந்துச்சு."

போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். நான் ஜன்னல் கம்பியை எண்ணுவது போல நின்றேன். நடுவில் ஒரு முறை அவர் புருவம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். கடைசி வரை கேட்டார். முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"நடுவுல இன்னொரு பொம்பளை குரல் வருதே, அது யாரு?"

 "அது... பக்கத்து ஸ்டேஷன் மாமா. சாயங்காலத்துல ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்ல?"

"கலக்கும், கலக்கும்." மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அந்த ஸ்டேஷன்ல எதுக்குடா உன் பேரைச் சொல்லி, 'டம்ளருக்குள்ள பேசுற மாதிரி மேல என்னடா கத்திட்டிருக்க, கீழ இறங்கி வா'ன்னு திட்டுறாங்க?"