வெட்டாத பக்கங்கள்

வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஆன்செல்ம் கூர்தாத் ஒரு நாவலாசிரியர் என்பது பிரான்சில் ஜியான் என்ற அந்தச் சின்ன ஊர் முழுக்கத் தெரியும். அவரே சொல்லிக்கொண்டு திரிந்தால் தெரியாமல் போகுமா? ஒன்பது நாவல்கள் எழுதினார். பாரிஸ் பத்திரிகைகள் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பரிசுக் குழுவினர் வருடா வருடம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வேறு யாருக்கோ பரிசைக் கொடுத்தார்கள். மனிதர் அசரவில்லை.

"எனக்கு லியோனி ஒருத்தி படிச்சாப் போதும்யா" என்று காபிக்கடையில் மார்தட்டுவார்.

லியோனி அவர் மனைவி. புத்தகம் வந்ததும் முதல் பிரதியில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டுவார். சில நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்பார். "நல்லாருக்கு" என்பாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாவலைத் தொடங்கிவிடுவார்.

ஓய்வு பெற்ற வருடம், ஐந்தாவது நாவலிலிருந்து கொஞ்சம் வாசிக்கச் சொல்லி நூலகத்தில் கூப்பிட்டார்கள். அவருடைய பிரதியை யாரோ இரவல் வாங்கி ஏப்பம் விட்டிருந்தார்கள். அதனால் லியோனியின் அலமாரியைத் திறந்தார். அந்தக் காலத்தில் அங்கே புத்தகம் என்றால் தாள்கள் ஓரம் வெட்டாமல் மடிப்போடுதான் வரும். படிக்கிறவர்தான் கத்தியால் மடிப்பை வெட்டிக்கொள்ள வேண்டும். அவள் பிரதியில் ஒரு மடிப்பும் வெட்டப்படவில்லை. பதறிப்போய் மற்றவற்றையும் இழுத்துப் பார்த்தார். முதல் நாவலைத் தவிர எதிலும் கத்தி படவே இல்லை.

சமையலறையில் லியோனி சூப்புக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்திக்கிட்டா இருந்த?"

"முதல் புஸ்தகத்த முழுசா படிச்சேனே" என்றாள் அவள். "நம்ம புள்ள செத்த அன்னிக்கு அவன் சட்டைய வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன். உங்களுக்கு மட்டும்தான் அது தெரியும். அப்படியே எழுதிட்டீங்க. கறிக்கடைக்காரி அந்தப் பக்கத்த எங்கிட்டயே படிச்சுக் காட்டுனா, உன் புருஷன் என்ன அழகா எழுதியிருக்காருன்னு."

"அது இலக்கியம், லியோனி!"

"இருக்கட்டும். அடுத்ததுல என்னத்த எடுத்து வச்சிருக்கீங்களோன்னு பயம். அதான் தொறக்கல."

"அப்புறம் எதுக்கு நல்லாருக்குன்ன?"

"சொல்லலைன்னா விட்டுடுவீங்களா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு சோறு திங்காம கெடப்பீங்க."

உன்னைப் பற்றி வேறு எதிலும் எழுதவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவளுக்கு நடந்த அறுவை சிகிச்சை நான்காவது நாவலில் இருந்தது. தங்கையோடு அவள் பேச்சை முறித்துக்கொண்டது ஏழாவதில் இருந்தது. அவரை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

லியோனி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உதட்டை இறுகக் கடித்தும் அழுகை நிற்கவில்லை. ஆன்செல்ம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்தப் பார்வை அவளுக்குப் பழகியதுதான்.

"இதையும் எழுதப் போறீங்க, இல்ல?"

"சேச்சே" என்றார். அதற்குள் முதல் வாக்கியம் மனதில் அமைந்துவிட்டது. நல்ல வாக்கியம்.