அண்ணன் நகர்த்தாத காய்

போன கிறிஸ்துமஸ் சமயத்தில், புதுச்சேரியில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது.

பாரிசில் இருக்கும் என் அண்ணனும் நானும் வாட்ஸ்அப்பில் செஸ் ஆடுவோம். ஒரு நாளைக்கு ஒரு காய், அவசரமே கிடையாது. அவன் காலேஜ் காலத்திலேயே கப் வாங்கியவன். நானோ அவன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டவள். வருடக்கணக்கில் தோற்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவன் ஜெயித்ததும், மீன் குழம்பு வைப்பதோடு நிறுத்திக்கொள் என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மையும் அனுப்புவான். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அதனால் ஹாலில் ஒரு ஸ்டூல் மேல் நிஜப் பலகையை வைத்து, அவன் அனுப்புகிற காயையும் என் காயையும் நகர்த்திப் பார்த்துப் பழகினேன். பெரிய மார்க்கெட்டில் மீனை ஆயக் கொடுத்துவிட்டு நிற்கும்போதும் அதே நினைப்புதான். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், அவன் அலட்சியமாக ஆடியதில் என் குதிரைக்கு நல்ல கட்டம் கிடைத்தது. ராஜாவுக்குச் செக், அதே குதிரையின் வாயில் ராணியும். குதிரையை வெட்ட அவனிடம் காயில்லை. ராஜாவை நகர்த்தினால் ராணி போச்சு. அனுப்பிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. வேலை அதிகமாம். குடும்ப குரூப்பில் குட்மார்னிங் மட்டும் தவறாமல் வந்தது. கேட்டதற்கு, நேரில் வந்து ஆடுகிறேன் என்றான். சரி, வரட்டும் என்று பலகையை அப்படியே விட்டுவைத்தேன். என் கணவர்கூட அதன் மேல் பேப்பரை வைக்க மாட்டார். எனக்கு வேண்டியதெல்லாம், ஜெயித்துவிட்டாய் என்று அண்ணன் வாயால் ஒரு வார்த்தை.

கிறிஸ்துமஸுக்கு வந்தான். பெட்டியைத் திறந்து, சாக்லேட் டப்பாக்களை வைக்க இடம் தேடினான். பலகையைப் பார்த்தான், அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். ஒரு கையால் காய்களை வழித்துத் தள்ளிவிட்டு, அதன் மேலேயே டப்பாக்களை அடுக்கினான்.

"அண்ணே, அது நம்ம ஆட்டம். உன் காய்தான் பாக்கி" என்றேன்.

"போயும் போயும் விளையாட்டுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு... விடும்மா, புதுசா ஆடிக்கலாம்."

ஹாலில் கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டு எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டேன்.

பாரிசுக்குத் திரும்பிய மறுநாளே, புது ஆட்டத்தின் முதல் காயை அனுப்பினான். நான் பார்த்துவிட்டது அவனுக்கும் தெரியும். இன்னும் பதில் போடவில்லை. தோற்ற ஆட்டம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஜெயித்த அந்த ஒன்றை நினைத்தால்தான், கூடப்பிறந்தவன் கண்ணுக்கே நான் இவ்வளவுதானா என்று இன்றைக்கும் மனசு ஆற மாட்டேன் என்கிறது.